பழப்பொட்டி, பக்கங்கள் 999

1

இந்த மாதத்தோடு நான் கனடா வந்து ஆறு வருஷம். அண்ணன் கேக் வாங்கி வரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போம் இல்லையா, நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி இருந்தது.

இங்கே பொது நூலகத்தில் வேலை செய்கிறேன் என்று எழுதியதும், "அங்கத்து நூலகங்களில் என்னதான் புதுசாக இருக்கிறது, நம் வாசகர்களுக்குச் சொல்லுங்களேன்" என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டிருந்தார். சொல்கிறேன். விளையாட்டு இருக்கிறது. நிஜமாகவே. பிள்ளைகள் பகுதியில் இரண்டு கம்ப்யூட்டர்கள், அவற்றில் புத்தகம் கிடையாது, பாடம் கிடையாது. சி.டி. என்கிற வட்டத்தகட்டை உள்ளே தள்ளினால் திரையில் ஒரு தீவு வரும். பிள்ளைகள் அந்தத் தீவில் நடக்கலாம், வீடு கட்டலாம், மரம் நடலாம், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டையும் போடலாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எங்கும் இல்லாத ஆள்.

இவற்றை வாங்குவதற்கு முன்னால் எங்கள் மேலாளர் மார்கரெட் எல்லாரையும் உட்காரவைத்து, நூலகத்தில் விளையாட்டை வைத்தால் ஏதாவது 'இஷ்யூ' வருமா என்று கேட்டார். நான்தான் முந்திரிக்கொட்டை. முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "இஷ்யூவே கிடையாது மேடம், உள்ளேயே உட்கார்ந்துதான் பார்க்கணும்" என்றேன்.

நம் ஊர் நூலகத்தில் இஷ்யூ என்றால் புத்தகத்தை ஏட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்துவிடுவது. இங்கே அந்தச் சொல்லுக்குப் பிரச்சினை என்று பொருள். நான் ஏதோ நகைச்சுவையாகப் பதில் சொன்னதாக நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்கரெட்டுக்கு அது மிகவும் பிடித்துப்போய், தகடுகளின் மேல் 'நூலகத்துக்குள் மட்டும்' என்று ஒட்டவும் வைத்துவிட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அது ஸ்டெல்லாவின் ரப்பர் ஸ்டாம்பில் இருந்தது. 'குறிப்புதவி. இரவல் தரப்படமாட்டாது.'

2

ஸ்டெல்லா என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் நான் அருப்புக்கோட்டைக்குக் காலேஜ் போனேன். அவள் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு முடித்து எங்கள் ஊரிலேயே பகுதி நேர நூலகர் ஆனாள். எங்கள் ஊர், மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை, நாலு பீரோ, ஒரு நீள மேசை. வெயில் காலத்தில் அந்த அறைக்குள் போனால் புத்தகங்களின் பசை உருகுகிற வாசனை அடிக்கும்.

வருகிறவர்கள் தினத்தாளுக்கு வருவார்கள். ஐந்தாறு ஆம்பளைகள். பொம்பளைகள் வாசற்படியைக்கூட மிதித்தது இல்லை. வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஏடு ஒன்று வாசலில் கயிறு கட்டித் தொங்கும். அந்தக் கையெழுத்துகள் கூடினால்தான் நூலகம் முழு நேரம் ஆகும். முழு நேரம் ஆனால்தான் ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரம். கூடவில்லை.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு பொருள் கொடுத்தார். சோப்பு டப்பா அளவு. கண்ணாடிக்குள் நாலு கிளை, ஒவ்வொரு கிளையிலிருந்தும் பழம் விழும், கீழே ஒரு ஆள் கூடையோடு நிற்பான், இரண்டு பொத்தான். மூன்று பழத்தைத் தவறவிட்டால் முடிந்தது. பிடித்த பழத்தின் எண்ணிக்கை மூலையில் ஏறும். 999 வரைக்கும் ஏறும், அதற்கு மேல் இடமில்லை. இதுவரை எடுத்ததிலேயே பெரிய எண்ணையும் அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இரண்டு நாள் விளையாடினேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை. எனக்கு எப்போதும் யோசனைகள்தான். நேரே நூலகத்துக்குப் போய், இதை வாசகர்களுக்கு என்று வைத்துவிடு, ஆளுக்குப் பத்து நிமிஷம், கையெழுத்துப் போட்டால்தான் விளையாட்டு என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் யோசித்தாள். அவள் எதையும் யோசிப்பாள்.

"இருப்புப் பதிவேட்டுல ஏறாத பொருள நான் எப்பிடிடி வச்சிருக்குறது?"

"அப்ப ஏத்திரு. நன்கொடைன்னு எழுது."

அந்தப் பதிவேட்டில் புத்தகத்துக்கு மட்டும்தான் கட்டங்கள் உண்டு. நான் சொல்லச் சொல்ல அவள் மணிமணியான எழுத்தில் எழுதினாள். நூலின் பெயர்: பழம் பிடித்தல். ஆசிரியர்: ஜப்பான் (பின்னால் அப்படித்தான் அச்சடித்திருந்தது). பக்கங்கள்: 999. பிரிவு என்ற கட்டத்தில் இருவரும் நின்றுவிட்டோம். "பழம் பறிக்கிறது வெவசாயந்தான?" என்றாள் ஸ்டெல்லா. வேளாண்மை என்று எழுதினாள். பின்பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி அதன்மேல் ஸ்டாம்பும் குத்தினாள். இரவல் தரப்படமாட்டாது.

ஊரில் அதற்குப் பழப்பொட்டி என்று பெயர் வந்தது. இரண்டே வாரத்தில் கையெழுத்து ஏட்டில் பக்கம் போதவில்லை. பருத்தி எடுத்துவிட்டு வருகிற பொம்பளைகள் மடியில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வந்து நிற்பார்கள். முறை வரும்வரை கையில் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டெல்லா சட்டம் போட்டாள். பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கியூவைப் பார்த்தார்கள். மீதிப் பேர் படித்தார்கள், வேறு என்ன செய்வது.

பேச்சியக்கா என்று ஒருத்தி, எழுதத் தெரியாது. கைநாட்டு வைக்கிறேன், விடு என்றாள்.

"கைநாட்டுக்குப் பழம் விழாதுக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"இந்தா, பெரிய கலெக்டரு. ரேகைக்கு லோனே குடுக்குறாக, இவ பழம் தரமாட்டாளாம்."

திட்டிவிட்டுப் போனவள் ஒன்பதாம் நாள் வந்து, பே, ச், சி என்று மூன்று எழுத்தையும் ஏட்டின் மூன்று வரிசையில் எழுதிவிட்டுப் பொட்டியைக் கையில் வாங்கினாள். பதினொரு பழம் பிடித்தாள். நூலகத்தில் விளையாட்டு எதற்கு என்று இங்கே கூட்டம் போட்டுப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வரிசைதான் ஞாபகம் வரும். அதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை, சொன்னதில்லை.

எண்ணிக்கையில் ஸ்டெல்லாதான் முதல். கதவைச் சாத்துவதற்கு முன் தினமும் ஒரு ஆட்டம் ஆடுவாள். 912. என்னுடையது 640-ஐத் தாண்டவில்லை. பொட்டி என்னுடையது, எண் அவளுடையது. இதை ஒரு காரியமாக இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

3

அண்ணன் மகள் நித்யாவுக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் நான் வேலை செய்கிற நூலகத்துக்கு வந்துவிடுவாள். அவளுக்கும் அந்தத் தீவில் ஒரு வீடு இருக்கிறது. சிவப்புக் கூரை, பின்னால் ஒரு கேணி. கேணி என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் வைத்திருக்கிறாள். மூன்று நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் மரங்கள் காய்ந்துபோகும் என்று யாரோ ஒரு கம்ப்யூட்டர்காரன் விதி எழுதியிருக்கிறான். எங்கள் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.

போன மாதம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெற்றோர் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று கட்டங்கள். அண்ணன் அருப்புக்கோட்டை என்பதை ஆங்கிலத்தில் எழுத, இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் கட்டத்துக்கு வெளியே போய் நின்றன. 'உன் சொந்த ஊர்' என்ற கட்டத்தை நித்யாவே நிரப்பினாள். தீவின் பெயரை எழுதியிருந்தாள்.

அண்ணி அழித்துவிட்டு மாற்றி எழுதச் சொன்னாள். "அத்தை, யூ டெல் அம்மா, அங்கதான என் வீடு இருக்கு" என்றாள் நித்யா என்னிடம். வருத்தப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. வருத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதம் ஆறிவிட்டது.

4

நான் எடுத்ததைச் சொல்கிறேன்.

பொட்டியில் படம் மங்க ஆரம்பித்திருந்தது. பட்டன் பேட்டரி, மதுரையில்தான் கிடைக்கும். அதை ஸ்டெல்லாவிடம் சொல்லி, கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கேட்டால், இரவல் இல்லாத பொருளை எந்த ஏட்டில் எழுதி வெளியே விடுவது என்று யோசிப்பாள். அது ஒரு காரணம். இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மதுரை வரை பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து ஆடி 912-ஐத் தாண்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் குடத்தில் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன நேரம், பீரோவைத் திறந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

காரியாபட்டி வரும்போது 503. சந்தை நாள், பஸ்ஸில் ஏறிய ஒரு ஆட்டுக்குட்டி என் முழங்காலில் முட்டியது, ஒரு பழம் போயிற்று. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் திரை வெளுத்துப்போனது. மதுரையில் வாட்ச் கடைக்காரர் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதுசு போட்டார். படம் பளிச்சென்று வந்தது. மூலையில் எண் 0. பெரிய எண்ணும் 0. பேட்டரியைக் கழற்றினால் ஞாபகமும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அதே நாள் பகலில் நூலகத்துக்கு ஆய்வாளர் வந்துவிட்டார். கையெழுத்து எப்படி இவ்வளவு கூடியது என்று பார்க்கத்தான் வந்தார், நல்ல செய்தியோடுதான் வந்தார். பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர் வேளாண்மைப் பிரிவில் நின்றார். பேச்சியக்கா அங்கே முறைக்காகக் காத்திருந்தாள். அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

"ஜப்பான் எழுதின புஸ்தகம். தொள்ளாயிரத்துத் தொண்ணுத்தொம்பது பக்கம். எங்கம்மா? தலகாணி கணக்கா இருக்குமே?"

ஸ்டெல்லா பீரோவைத் திறந்தாள். இல்லை. நாலு பீரோவையும் திறந்தாள். பிறகு அது புத்தகம் இல்லை என்று சொன்னாள். அவர் முதலில் சிரித்துவிட்டாராம். பொம்மையைப் புத்தகம் என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளலாம், நல்லதுக்குத்தானே செய்தாய் என்றாராம். ஆனால் இரவல் இல்லாத பொருள் இரவலில் எழுதாமல் வெளியே போயிருக்கிறது. அதை யார் எடுத்தார்கள், நூலகருக்குத் தெரியுமா, எடுத்தவர் கைப்பட எழுதித் தர வேண்டும். தெரியாமல் எடுத்தது என்றால் ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். தெரிந்து கொடுத்தது என்றால் அவர் கையில் எதுவும் இல்லை. அதையும் ஸ்டெல்லாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

5

எடுத்தது நான்தான் என்று ஊகித்து, மறுநாள் காலையில் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நான் பொட்டியைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள், மூலையில் இருந்த 0-வைப் பார்த்தாள்.

"தெரியாமன்னு எழுதிக் குடு வளரு. ஒத்த வார்த்தை. நீ குடுத்த பொருளத்தான நீ எடுத்த, உன்னைய யாரு என்ன செய்யப் போறாக?"

சரி என்றேன். எழுதுவதற்குக் காகிதம்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் அய்யா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தார். என் அய்யா கோபக்காரர் இல்லை, சத்தம் போட்டதே இல்லை. கைகால் கழுவினார், துண்டால் துடைத்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"கவருமெண்டு எடத்துல தெரியாம எடுத்தேன்னு பொம்பளப்பிள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அதுக்கு என்ன பேரு ஆத்தா? நாளைக்கு ஒங்கண்ணன் அங்குட்டுக் கூப்புடுவான், பாஸ்போட்டுக்குப் போலீஸ்காரன் வந்து விசாரிப்பான். அவன்ட்ட என்ன சொல்லுவ?"

பிறகு வெளியே பார்த்து, குரலை உயர்த்தாமலே, "நீ போ தாயி, அவ எழுதிக் குடுத்து விடுவா" என்று ஸ்டெல்லாவை அனுப்பினார்.

நான் எழுதினேன். 'நூலகருக்குத் தெரிந்தே எடுத்துச் சென்றேன்.' யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அய்யா சொன்னது ஒரு காரணம்தான். தெரிந்தே என்று எழுதும்போது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. நான் நல்ல பெண்ணாகவே இருந்துவிட்டேன்.

அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிரந்தரமானவர்களின் பட்டியல் சில மாதம் கழித்து வந்தபோது அதில் அவள் பெயருக்கு வழியே இல்லை. நூலகத்தைப் பக்கத்து ஊர்க்காரர் வாரம் மூன்று நாள் வந்து திறந்தார். பொட்டி ஆய்வாளரின் ஆபீசுக்குப் போனது, திரும்பவில்லை. கையெழுத்து ஏட்டில் பழையபடி ஐந்தாறு பேர். பேச்சியக்கா அதற்குப் பிறகு எங்கேயாவது பெயர் எழுதினாளா, தெரியாது.

ஸ்டெல்லா என்னிடம் சண்டை போடவில்லை. பார்த்தால் ஒதுங்கவும் இல்லை. "காலேஜுக்கா?" என்பாள், "ஆமா" என்பேன். அவ்வளவுதான் இருந்தது, நான் விமானம் ஏறுகிறவரை.

இப்போது அவள் மல்லாங்கிணற்றில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருக்கிறாள். அம்மா எனக்குப் பேச அங்கேதான் போவாள். மணி அடிக்கும், எடுப்பேன், முதல் குரல் ஸ்டெல்லாவுடையது. "லைன் கெடச்சிருச்சு, பேசுங்கம்மா." அது என்னிடம் சொல்வது இல்லை, அம்மாவிடம் சொல்வது. ஆறு வருஷமாக மாதம் ஒரு முறை அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறேன்.

6

மூன்று வாரத்துக்கு முன்னால், நீண்ட வாரயிறுதி விடுமுறை. நூலகம் மூன்று நாள் பூட்டு. முந்தைய நாள் பிள்ளைகள் பகுதியில் ரோசா என்ற பிலிப்பைன்ஸ் பெண் வேலையில் இருந்தாள். தற்காலிக வேலைதான், அடுத்த மாதம் நீட்டிப்பார்களா என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள். மூடும்போது தீவுத் தகட்டைக் காணவில்லை.

தகடு எங்கள் வீட்டில் இருந்தது. மறுநாள் மத்தியானம் நித்யா அண்ணனின் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் தீவு. ஆனால் வெறும் தீவு. சிவப்புக் கூரை இல்லை, கேணி இல்லை. அவள் கட்டியதெல்லாம் நூலகத்து மெஷினின் ஞாபகத்தில் இருந்தது. தகட்டில் இருந்தது மண்ணும் கடலும்தான். அது அவளுக்குத் தெரியவில்லை.

"மரம் செத்துரும்னு எடுத்தேன் அத்தை" என்றாள். "என் வீட்ட காணோம்."

மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்துவிடுமே. அதற்காக எடுத்திருக்கிறாள். என்னைவிட நல்ல காரணம்.

அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பேசாம கொண்டுபோய் ரேக்குல சொருகிரு. யாருக்குத் தெரியப் போகுது? பிள்ளை பேர எதுக்கு இழுக்குற?" அய்யாவின் குரல் அவனுக்கு அப்படியே வந்திருக்கிறது. அதே நிதானம்.

நூலகம் திறந்ததும் மார்கரெட்டிடம் சம்பவப் படிவம் ஒன்று வாங்கினேன். இங்கே எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. நாலாவது கேள்வி: 'பொருள் வெளியே சென்றது பணியாளருக்குத் தெரியுமா?' எதிரே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்பதில் கோடு போட்டேன். எடுத்தது என் அண்ணன் மகள், பணியில் இருந்த ரோசாவுக்குத் தெரியாது, இரவல் இல்லாத பொருள் என்று நித்யாவுக்குச் சொல்லித்தராதது என் தவறு என்று கீழே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

மார்கரெட் நின்றுகொண்டே படித்தார். நித்யா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். அவள் வீடு மெஷினில் பத்திரமாக இருக்கும், மரங்கள் மட்டும் போயிருக்கும், வந்து நடச் சொல்லு என்றார். ரோசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவே இல்லை. ரோசாவுக்கு எதற்கு?

படிவத்தை ஒரு தட்டில் போட்டுவிட்டு, தோளைத் தட்டிச் சொன்னார்: "நாட் அன் இஷ்யூ."

இந்த முறை பொருள் புரிந்தது. ரோசா தூரத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் பெயர் ஒரு காகிதத்தில் வந்துபோனதே அவளுக்குத் தெரியாது. நான் என் மேசைக்குப் போய் உட்கார்ந்து ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கன்னத்தைத் தட்டிப் பார்த்ததுபோல்தான் இருந்தது.

7

போன வாரம் மணி அடித்தது. "லைன் கெடச்சிருச்சு" என்று குரல் வந்ததும் குறுக்கே விழுந்து, "ஸ்டெல்லா, நான் வளர் பேசுறேன்" என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "அம்மா நிக்கிறாக. அவுகட்ட பேசுங்க."

பேசுங்க. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அம்மா வாங்கிக்கொண்டு மழை இல்லை என்று ஆரம்பித்தாள். நான் ம் போட்டேன்.

ஆசிரியர் கேட்டது நூலகங்களில் விளையாட்டு பற்றி. அது வேண்டும் என்பதுதான் என் கட்சி. உடனே மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தப் பத்திரிகை நம் பக்கத்து நூலகங்களுக்கெல்லாம் போகிறது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்கும் போகும், வாரம் மூன்று நாள் மேசையில் கிடக்கும். மல்லாங்கிணற்றுக்கும் போகும். அதனால் முன்பு ஒரு காகிதத்தில் தவறாக எழுதிக் கொடுத்ததை இங்கே சரியாக எழுதுகிறேன். ஆய்வாளர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அந்தக் கோப்பு இருக்கிறதா என்பதும் தெரியாது.

எங்கள் ஊர்ப் பகுதி நேர நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் வேளாண்மைப் பிரிவில் உள்ள 'பழம் பிடித்தல்', ஆசிரியர் ஜப்பான், பக்கங்கள் 999, இரவல் தரப்படமாட்டாது என்று முத்திரையிடப்பட்ட பொருளை, நூலகர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, நூலகருக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றேன். எடுக்கும்போது அதில் இருந்த எண் 912. அது நூலகருடையது.

இப்படிக்கு,
வளர்மதி